கொடுக்கும் கையும் இழுக்கும் வலையும்



நம் நாட்டவர் கடவுச்சீட்டோ விசாவோ இல்லாமல் கடல் கடந்து சென்று, இலங்கை மக்களோடு ஒரே பீடத்தைச் சூழ்ந்து நின்று செபிக்கும் இடம் ஒன்று உண்டு. அது பாக் நீரிணையில் உள்ள கச்சத்தீவு. மக்கள் யாரும் குடியிராத, குடிநீர்கூடக் கிடைக்காத, ஏறக்குறைய 285 ஏக்கர் பரப்புள்ள சிறு தீவு. அங்கே யாழ்ப்பாணம் மறைமாவட்டத்தின் பொறுப்பில் புனித அந்தோனியார் ஆலயம் இருக்கிறது. ஆண்டுதோறும் தவக்காலத்தில் கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர்பவனி, திருவிழாத் திருப்பலி என இரண்டு நாள்கள் அந்தத் தீவு மக்களால் நிறைகிறது. இராமேஸ்வரத்திலிருந்து நம் மக்களும், நெடுந்தீவு, யாழ்ப்பாணம் பகுதிகளிலிருந்து அந்நாட்டு மக்களும் படகுகளில் வந்து சேர்கிறார்கள்.

2024 பிப்ரவரியில் நடந்த திருவிழாவுக்கு நம் கரையிலிருந்து திருப்பயணிகள் செல்லவில்லை. எல்லை தாண்டி மீன்பிடித்ததாகக் கைதான விசைப்படகு ஓட்டுநர்கள் சிலருக்கு இலங்கை நீதிமன்றங்கள் சிறைத்தண்டனை விதித்தன. அதைக் கண்டித்து இராமேஸ்வரம் மீனவர்கள் திருவிழாவைப் புறக்கணித்தார்கள். 2025 மார்ச்சில் நம் மக்கள் மீண்டும் சென்றார்கள். ஓராண்டு இடைவெளிதானே என்று இதை விட்டுவிடலாம். ஆனால் அந்த ஓராண்டு நம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறது. இந்திய அரசும் இலங்கை அரசும் முன்னெப்போதையும்விட நெருங்கி வந்திருக்கும் காலம் இது. அப்படியிருக்க, ஒரே மொழி பேசி, ஒரே புனிதரின் பரிந்துரையை நாடும் இரு கரை மீனவர்கள் மட்டும் ஏன் ஒருவரிடமிருந்து ஒருவர் விலகிப் போகிறார்கள்?

கடலிலிருந்து தள்ளி, வயலையும் ஏரியையும் நம்பி வாழும் பனமலை, செஞ்சிப் பகுதி மக்களாகிய நமக்கு இதில் என்ன என்று சிலர் நினைக்கலாம். நம் விழுப்புரம் மாவட்டத்துக்கும் மரக்காணம் பகுதியில் கடற்கரை உண்டு. மீனவ கிராமங்கள் உண்டு. போரில் வீடிழந்து வந்த ஈழத்தமிழர் வாழும் கீழ்ப்புத்துப்பட்டு முகாமும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆகவே இது தொலைவில் உள்ள யாருடைய கதையோ அல்ல. நம் அயலாரின் கதை.

கொடுத்த கை

முதலில் நன்றியோடு நினைக்க வேண்டியவற்றை நினைப்போம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கடற்கரையையும் அழித்தது. அந்தத் துயரத்தின் நடுவிலும் இந்தியக் கடற்படைக் கப்பல்கள் உடனடியாக இலங்கைக்கு உதவியோடு சென்றன. 2009இல் போர் முடிந்தபின், வீடிழந்தவர்களுக்காக 50,000 வீடுகள் கட்டும் திட்டத்தை இந்தியா மேற்கொண்டது. அவற்றில் பெரும்பகுதி வடக்கிலும் கிழக்கிலும், 4,000 வீடுகள் மலையகத் தோட்டத் தொழிலாளருக்கும் என ஒதுக்கப்பட்டன.

2022இல் இலங்கையின் பொருளாதாரம் சரிந்தது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். மருத்துவமனைகளில் மருந்து தீர்ந்தது. அந்த ஆண்டில் கடனாகவும், நாணயப் பரிமாற்றமாகவும், கடன் தவணைத் தள்ளிவைப்பாகவும் இந்தியா ஏறக்குறைய 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2022 ஏப்ரல் 29 அன்று தீர்மானம் நிறைவேற்றி, 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், உயிர்காக்கும் மருந்துகள் அனுப்ப முன்வந்தது. மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் புறப்பட்டது. தமிழர், சிங்களர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடு இன்றி எல்லாருக்கும் அது போய்ச் சேர வேண்டும் என்று அனுப்பப்பட்டது. 2023 ஜனவரியில், பன்னாட்டு நிதியத்தின் கடன் இலங்கைக்குக் கிடைக்கத் தேவைப்பட்ட உத்தரவாதத்தை மற்ற கடன் கொடுத்த நாடுகளுக்கு முன்பாகக் கொடுத்ததும் இந்தியாதான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அந்தத் தீவைத் தாக்கி 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அப்போதும் ‘சாகர் பந்து’ என்ற பெயரில் நம் கப்பல்களும் விமானங்களும் மீட்புப் படையினரும் விரைந்தார்கள். ‘கடல் உறவினன்’ என்பது அந்தப் பெயரின் பொருள்.

இவையெல்லாம் வெறும் கருணை மட்டும் அல்ல என்பது நமக்குத் தெரியும். சீனாவின் செல்வாக்கு, துறைமுகங்கள், பாதுகாப்பு, வணிகம் என்ற கணக்குகளும் அரசுகளுக்கு உண்டு. 2025 ஏப்ரலில் இரு நாடுகளும் பாதுகாப்பு ஒத்துழைப்பு பற்றிய உடன்பாட்டில் கையெழுத்திட்டன. இருந்தாலும் பசித்தவருக்குப் போய்ச் சேர்ந்த அரிசி, பசித்தவருக்குப் போய்ச் சேர்ந்ததுதான். அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

தீவுக்குச் சென்ற மூன்று வழிகள்

பெரிய நிலத்திலிருந்து அந்தத் தீவுக்கு நம்மவர் சென்ற வரலாறு மிகப் பழையது. பனமலைக் குன்றின்மேல் நிற்கும் கற்கோயிலைக் கட்டியவன் பல்லவ மன்னன் இராசசிம்மன். அவனுடைய கொள்ளுப்பாட்டன் மாமல்லன் நரசிம்மவர்மன், தன்னிடம் அடைக்கலம் தேடி வந்த இலங்கை இளவரசன் மானவர்மனுக்குப் படை கொடுத்து அரியணை ஏற உதவியதாக இலங்கையின் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அது வாளோடு சென்ற உதவி.

1987இல் இந்தியத் துருப்புகள் அங்கே சென்றன. அந்த ஆண்டு ஜூலை 29 அன்று கையெழுத்தான உடன்படிக்கையின்படி அமைதி காக்கச் சென்ற படை, சில மாதங்களில் போரில் இறங்கியது. 1990 மார்ச்சில் அது திரும்பியபோது ஏறக்குறைய 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தார்கள். தமிழ்ப் பொதுமக்கள் பட்ட துன்பம் இன்றும் அங்கே பேசப்படுகிறது. நல்ல நோக்கம் சொல்லிச் சென்றாலும், வலியவன் துப்பாக்கியோடு நுழையும் வீட்டில் அமைதி எளிதில் வருவதில்லை.

இந்த இரண்டுக்கும் இடையில் இன்னொருவர் சென்றார். 1687இல் கோவாவிலிருந்து பிச்சைக்காரர் உடையில் யாழ்ப்பாணம் போய் இறங்கிய புனித யோசேப் வாஸ் அடிகளார். டச்சுக்காரர்கள் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலம் அது. ஒளிந்து வாழ்ந்து, தமிழும் சிங்களமும் கற்று, கண்டியில் கொள்ளைநோய் வந்தபோது நோயாளிகளைத் தூக்கிச் சுமந்து, 1711இல் அங்கேயே இறந்தார். 2015 ஜனவரி 14 அன்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக உயர்த்தினார். அவர் அந்த மக்களிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. ஒரு பெரிய நாடு தன் சிறிய அண்டை நாட்டுக்கு எப்படிச் செல்ல வேண்டும் என்பதற்கு அவர் நல்ல அளவுகோல்.

எடுக்கும் வலை

இனி மனம் ஒப்பாத செய்திக்கு வருவோம். கச்சத்தீவைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நாம் 1974ஆம் ஆண்டைப் பற்றியே பேசுகிறோம். அந்த ஆண்டு ஜூன் இறுதியில் இந்திராகாந்தி, சிறிமாவோ பண்டாரநாயக ஆகியோர் கையெழுத்திட்ட உடன்படிக்கை, பாக் நீரிணையில் எல்லைக்கோடு வகுத்தது. கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போயிற்று. தமிழ்நாடு அதை எதிர்த்தது. நம் மீனவரும் திருப்பயணிகளும் முன்போல் தீவுக்கு வந்துபோகலாம் என்று அதன் ஐந்தாம் பிரிவு சொன்னது. மீன்பிடிக்கும் உரிமை இதில் அடங்குமா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. 1976 மார்ச் மாதம் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்களோ, ஒரு நாட்டு மீனவர் மறுநாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டன. கடலில் பிழைக்கும் மக்களைக் கேட்காமலேயே கடலைப் பங்கிட்டார்கள் என்ற மனக்குறை நியாயமானது.

ஆனால் இன்றைய சிக்கலின் வேர் 1974இல் மட்டும் இல்லை. அது வலையிலும் இருக்கிறது. கேரளத்தின் கொல்லம் பகுதியில் 1950களில் தொடங்கிய இந்திய-நார்வே கூட்டுத் திட்டம் விசைப்படகு மீன்பிடிப்புக்கு வழிகாட்டியது. இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்ததால், கடலடியை வாரும் இழுவைமடி நம் கரையெங்கும் பரவியது. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். எடை கட்டிய இழுவைமடி அதன் தரையில் உரசிக்கொண்டே போகும்போது பெரிய மீன், குஞ்சு மீன், முட்டை, பாசி எல்லாம் சேர்ந்து வருகின்றன. விலை போவதை வைத்துக்கொண்டு மீதியைக் கழிவென்று தள்ளுகிறார்கள். இப்படி வாரி வாரி நம் பக்கத்துக் கடல் வறண்டது.

அதே காலத்தில் எதிர்க்கரையில் போர் நடந்தது. 1983 முதல் 2009 வரை வடஇலங்கைத் தமிழ் மீனவர்கள் கடலுக்குப் போகவே தடை, கட்டுப்பாடு, உயிர்ப்பயம். ஆளில்லாத அந்தக் கடலில் நம் விசைப்படகுகள் மீன்பிடித்துப் பழகின. போர் முடிந்து அவர்கள் முகாம்களிலிருந்து திரும்பி வந்து, கடன் வாங்கி ஒரு கண்ணாடியிழைப் படகும் சில வலைகளும் வாங்கினார்கள். இரவில் விரித்து வைத்த அந்த வலைகளை நம் பக்கத்து இழுவைப்படகுகள் அறுத்துக்கொண்டு போகின்றன என்பதே அவர்களின் கண்ணீர்.

நம் கரையில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. பாக் நீரிணைப் பகுதியில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்கள்தான் கடலுக்குப் போகும். மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு. இரு தரப்புக்கும் மோதல் வந்து, வலை அறுந்து, உயிர்ச்சேதம் ஏற்படக்கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு இது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமும் கரையோரக் கடலை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறது. அதாவது, இழுவைமடிக்கு அருகில் சிறிய வலை பிழைக்காது என்பதை நாம் நன்றாகவே அறிந்திருக்கிறோம். நம் ஏழை மீனவரைக் காக்கச் சட்டமும் செய்திருக்கிறோம். வடஇலங்கை மீனவருக்கோ நம் விசைப்படகுகள் வரும் இரவுகள் மனப்பாடம். அந்த இரவுகளில் பலர் தொழிலுக்குப் போகாமல் கரையிலேயே இருந்துவிடுகிறார்கள். நம் நாட்டுப்படகுக்காரருக்குக் கிடைத்த பாதுகாப்பு, நாற்பது ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள அதே நிலைமைக்காரருக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

நம் ஊர் வழக்கில் சொன்னால் இன்னும் விளங்கும். ஏரிப்பாசனத்தில் தலைமடைக்காரர் இருக்கிறார், கடைமடைக்காரர் இருக்கிறார். பஞ்ச காலத்தில் கடைமடைக்காரர் வீட்டுக்கு ஒரு மூட்டை நெல் அனுப்பிவிட்டு, இரவோடு இரவாக அவருக்குப் போகும் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்கிறவரை ஊர் என்ன சொல்லும்? நெல்லுக்காகப் பாராட்டுமா, தண்ணீருக்காகப் பஞ்சாயத்தைக் கூட்டுமா? அரிசிக் கப்பல் ஒரு கையில், இழுவைமடி மறு கையில் என்றால் நம் நட்பும் அப்படித்தான் தெரியும்.

இரு கரையிலும் கண்ணீர்

இதைச் சொல்லும்போது நம் மீனவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதாக யாரும் எண்ண வேண்டாம். விசைப்படகில் போகிறவர்களில் பெரும்பாலோர் படகுக்குச் சொந்தக்காரர் அல்லர். பங்குக்கும் கூலிக்கும் போகிறவர்கள். ஒருபுறம் சட்டம், மறுபுறம் எல்லைக்கோடு, நடுவில் வறண்ட கடல். டீசல் செலவாவது திரும்பி வர வேண்டுமே என்றுதான் எல்லையைத் தாண்டுகிறார்கள். 2024ஆம் ஆண்டில் மட்டும் 500க்கும் மேற்பட்ட இந்திய மீனவர்கள் இலங்கைக் கடற்படையால் கைது செய்யப்பட்டார்கள். வீட்டில் சம்பாதிப்பவர் சிறையில். படகு அந்த நாட்டு அரசுடைமை. அந்தக் குடும்பங்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

உயிர்களும் போகின்றன. 2024 ஜூனில் நம் படகொன்றைப் பிடிக்கும் முயற்சியில் இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் இறந்தார். ஆகஸ்ட் முதல் நாள் கச்சத்தீவு அருகே கடற்படைக் கலமும் நம் படகும் மோதியதில் இராமேஸ்வரம் மீனவர் ஒருவர் இறந்தார். இரண்டு வீடுகளிலும் அழுகை ஒன்றுதான். எல்லை தாண்டினார் என்பதற்காக ஓர் உழைப்பாளியை அடிப்பதோ சுடுவதோ எந்தச் சட்டத்திலும் நியாயமாகாது. இதை நாம் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்ல வேண்டும். அதே தெளிவோடு, இழுவைமடி நிற்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது அரைகுறை உண்மை.

கச்சத்தீவை மீட்டால் எல்லாம் தீரும் என்று தேர்தல் மேடைகளில் பேசப்படுகிறது. 2024 மக்களவைத் தேர்தலின்போதும் கேட்டோம். ஆனால் படகுகள் பிடிபடுவது கச்சத்தீவு அருகில் மட்டும் அல்ல. நெடுந்தீவு, தலைமன்னார், யாழ்ப்பாணக் கரை வரை அது நீள்கிறது. தீவு யாருடையது என்ற வழக்கு ஒன்று. அக்கரை மீனவரின் வலையை அறுக்காமல் பிழைக்க நம் மீனவருக்கு வழி என்ன என்பது வேறொன்று. முதலாவதை உரக்கப் பேசி இரண்டாவதை மறந்துவிடுகிறோம்.

செய்யக்கூடியவை

வழி இல்லாமல் இல்லை. 2010 ஆகஸ்டில் வடஇலங்கை மீனவப் பிரதிநிதிகள் தமிழகம் வந்து நம் மீனவத் தலைவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். ஓராண்டுக்குள் இழுவைமடியைக் கைவிடுவது, அதுவரை குறிப்பிட்ட நாள்கள் மட்டும் மீன்பிடிப்பது என்று மீனவர்களே ஓர் இணக்கத்துக்கு வந்தார்கள். அரசுகளின் ஒப்புதல் கிடைக்காமல் அது கைநழுவியது. 2016 நவம்பரில் இரு அரசுகளும் கூட்டுப் பணிக்குழு அமைத்து, இழுவைமடியை விரைவில் முடிவுக்குக் கொண்டுவர ஒப்புக்கொண்டன. 2017இல் இலங்கை நாடாளுமன்றம் தன் கடலில் இழுவைமடியைச் சட்டப்படி தடைசெய்தது.

அதே 2017இல் இந்திய அரசும் தமிழ்நாடு அரசும் ஒரு திட்டம் அறிவித்தன. பாக் நீரிணையிலுள்ள 2,000 இழுவைப்படகுகளுக்குப் பதிலாக, மூன்றாண்டுகளில், 1,600 கோடி ரூபாயில், ஆழ்கடலில் சூரை பிடிக்கும் படகுகள் கொடுப்பது என்பது திட்டம். ஒரு படகின் விலை 80 லட்சம் என்று கணக்கிட்டு, பாதியை மத்திய அரசும் இருபது விழுக்காட்டை மாநில அரசும் ஏற்றன. எஞ்சியதில் இருபது விழுக்காடு வங்கிக்கடன், பத்து விழுக்காடு மீனவர் பங்கு. நல்ல திட்டம்தான். ஆனால் இலக்கில் மிகச் சிறு பகுதியே நிறைவேறியது. ஒரே நாளில் போய்வரும் தொழிலுக்குப் பழகியவர் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்க வேண்டும். கடன் சுமை, பயிற்சிக் குறைவு, ஆழமான துறைமுகம் இல்லாமை, கூலிக்குப் போகிறவருக்குத் திட்டத்தில் இடம் இல்லாமை ஆகியவை தடையாயின.

அண்டை நாட்டுக்கு ஏறக்குறைய 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுக்க முடிந்த நாட்டுக்கு, தன் சொந்த மீனவரை இழுவைமடியிலிருந்து விடுவிக்கும் செலவு தாங்க முடியாததா? படகை ஒப்படைப்பவருக்கு நியாய விலை, கூலி மீனவருக்கு மாற்றுத் தொழில் வரும்வரை வாழ்வூதியம், மீண்டும் மீனவரோடு மீனவர் பேச ஒரு மேசை. இவற்றுக்காகச் செலவிடும் பணமும் இலங்கைக்குச் செய்யும் உதவியே. அதோடு நம் கடலுக்கும் நம் பிள்ளைகளுக்கும் செய்யும் உதவி. சிறியவருக்காகப் பெரியவர் தன் கையைச் சற்று மடக்கிக்கொள்ளும் இடத்தில்தான் ஒத்துழைப்பு உண்மையாகிறது.

தொடக்கநூல் 13ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். ஆபிராமின் மேய்ப்பருக்கும் லோத்தின் மேய்ப்பருக்கும் மேய்ச்சல் நிலத்துக்காகச் சண்டை வருகிறது. ஆபிராம் மூத்தவர், பெரிய தகப்பன் முறை, உரிமை கொண்டாடியிருக்கலாம். அவரோ இளையவனை முதலில் தேர்ந்துகொள்ளச் சொல்கிறார். உறவினருக்குள் சச்சரவு வேண்டாம் என்பதே அவர் சொன்ன காரணம். நல்ல நிலம் லோத்துக்குப் போயிற்று. ஆபிராம் அதனால் ஏழையாகிவிடவில்லை.

அன்பார்ந்தவர்களே, இனி நம் மீனவர் கைது என்ற செய்தியைப் படிக்கும்போது, அந்தக் குடும்பத்துக்காகச் செபிப்போம். அன்றிரவு அக்கரையில் வலையை இழந்த குடும்பம் ஏதேனும் இருக்குமா என்றும் நினைத்துப் பார்ப்போம். நம் பங்குகளின் அன்பியக் கூட்டங்களில் இதைப் பேசுவோம். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம், தீவை எப்போது மீட்பீர்கள் என்று கேட்பதற்கு முன், ஆழ்கடல் படகுத் திட்டம் என்ன ஆயிற்று, கூலி மீனவருக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்போம். கச்சத்தீவுத் திருவிழாவில் இரு கரை மக்களும் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். திங்கள் இரவு கடலிலும் அந்தச் சமாதானம் நிலைக்க வேண்டும் என்று புனித அந்தோனியார் வழியாக இறைவனை மன்றாடுவோம்.